கடவுள் நம்பிக்கை இல்லாத நண்பரிடம் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றிச் சண்டையில்லாமல் பேச முடியுமா?

உடன் வேலை செய்யும் நண்பர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்றும், இயேசுவைப் பற்றிப் பேச்சு வந்தாலே அது வாக்குவாதத்தில் முடிகிறது என்றும், இனிமேல் பேசாமலே இருந்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக் குடும்பம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். என் நெருங்கிய நண்பரோ, வீட்டின் முன்னறையில் பெரியார் படம் மாட்டியிருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். எங்களுக்குள் இந்தப் பேச்சு பல ஆண்டுகளாக, மனக்கசப்பு இல்லாமல் நடந்து வருகிறது. ஆகவே முடியும் என்றே சொல்வேன்.

நம் சபைகளில் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் வசனம் 1 பேதுரு 3:15. "உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" (உத்தரவு என்றால் இங்கே பதில்) என்ற பகுதியை அழுத்திச் சொல்லிவிட்டு, அதே வசனத்தில் "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" என்றும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்றும் இருப்பதைப் பலர் கடந்து போய்விடுகிறார்கள். பேதுருவின் அந்த நிருபம், அதாவது கடிதம், அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு எழுதப்பட்டதன்று. சுற்றியிருந்தவர்களின் பழிச்சொல்லைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்த சிறு கூட்டத்தாருக்கு எழுதப்பட்டது. பழி சொல்கிறவரிடமும் வணக்கத்தோடு பேசு என்று அவர்களுக்கே சொல்லியிருக்கும்போது, தேநீர்க் கடையில் உட்கார்ந்து உரிமையோடு கேள்வி கேட்கும் நண்பரிடம் குரலை உயர்த்த நமக்கு எந்தக் காரணமும் இல்லை.

கேட்பது எப்படி என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, பிள்ளைகளோடு சேர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். அவர் 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரும் அவருடைய உடன் ஊழியர் குருண்ட்லரும் தமிழர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்களுடைய சமயத்தைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும், கிறிஸ்தவத்தை ஏன் ஏற்க மறுக்கிறார்கள் என்பதைப் பற்றியும் விசாரித்தது அந்த அளவுக்கு அறியப்படவில்லை. வந்த பதில்களில் 99 கடிதங்களை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்கள். அவை ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயின. ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் குடியையும் ஒழுக்கக்கேட்டையும் தமிழர்கள் வெளிப்படையாகவே குறை கூறியிருந்தார்கள். அந்தக் குறைகளும் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தன. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் சீகன்பால்கு எழுதிய நூலை ஹாலேயில் இருந்த மேலிடம் விரும்பவில்லை. அது 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. அவருடைய கருத்துகள் அனைத்தையும் நான் ஏற்கிறேன் என்று சொல்ல வரவில்லை. தன் நம்பிக்கையில் இவ்வளவு உறுதியாக இருந்த ஒருவர், எதிர்த்தரப்பு சொல்வதை மறைக்காமல் பதிவு செய்தாரே, அந்த நேர்மை நமக்கு வேண்டும்.

உங்கள் நண்பரும் துன்பத்தைப் பற்றிய கேள்வியை ஒருநாள் கேட்கத்தான் போகிறார். என் நண்பர் கேட்டது சுனாமியைப் பற்றி. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களில் எத்தனையோ பேரைக் கடல் கொண்டுபோனது. "அண்ணாச்சி, மாதாவைப் பார்க்கப் போன சனத்தையே காப்பாத்தலையே, இதுக்கு என்ன சொல்லுதீங்க?" என்றார். வேளாங்கண்ணி கத்தோலிக்கருடையது, நாங்கள் சி.எஸ்.ஐ. என்று ஒதுங்கிக்கொள்ள வழி இருந்தது. ஆனால் அவர் கேட்டது கத்தோலிக்கரும் நாங்களும் தொழும் கடவுளைப் பற்றி. அது ஏன் நடந்தது என்று எனக்குத் தெரியாது என்றேன். செத்தவர்கள் பாவிகள் என்று யாராவது சொன்னால் அதை நம்பாதீர்கள், எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்ற எண்ணத்தை இயேசுவே மறுத்தார் என்றேன். சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியவரைத்தான் நான் தொழுகிறேன், ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்பது பாவம் என்று என்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளில் குத்தல் குறைந்தது. வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் கூட உட்கார்ந்திருந்தவரையில் நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கடவுளின் கோபத்துக்கு ஆளானார்கள்.

வேதாகமத்தை ஏற்காதவரிடம் வசனத்தையே சான்றாக நீட்டுவதில் பயனில்லை. சரித்திரம் எதுவரை வரும், விசுவாசம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். பொந்தியு பிலாத்துவின் ஆட்சியில் கிறிஸ்து கொல்லப்பட்டதை, கிறிஸ்தவர்களை வெறுத்த ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸே குறித்து வைத்திருக்கிறார். இதை நாத்திகரான வரலாற்று அறிஞர்களும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். மூன்றாம் நாள் அவர் உயிர்த்தெழுந்தார் என்பது அப்படிப்பட்டதன்று. அதற்கு நான் காரணங்கள் சொல்லலாம். சீடர்கள் உயிருக்கு அஞ்சாமல் அதைச் சொன்னதைக் காட்டலாம். ஆனால் நிரூபித்துவிட்டேன் என்று சொன்னால் அது உண்மையாகாது. எல்லை எது என்று நாமே சொல்லும்போது, நாம் சொல்லும் மற்றவற்றையும் அவர் காது கொடுத்துக் கேட்கிறார்.

சாதியைப் பற்றிய கேள்வி வந்தால் சுற்றி வளைக்க வேண்டாம். சபையிலும் திருமணப் பேச்சிலும், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும்கூடச் சாதி இருக்கிறது. அது சுவிசேஷத்துக்கு நேர் விரோதம் என்று, நண்பர் சொல்லும் முன்பே நாம் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் மனம் வலித்தே எழுதுகிறேன். நண்பருடைய தாயார் மருத்துவமனையில் இருந்தபோது, யாரோ ஒருவர் வந்து, விசுவாசித்தால் சுகம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லி, படுக்கையில் சுவிசேஷத் துண்டுப்பிரசுரத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நோயில் கிடப்பவரின் பயத்தை வைத்துப் பேசுவதை நான் ஊழியம் என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜெபிக்க விரும்பினால் "உங்கள் அம்மாவுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேளுங்கள், வேண்டாம் என்றால், சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து உங்கள் அறையில் ஜெபியுங்கள்.

பேசுவதையே விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். நீங்களாகப் பேச்செடுப்பதைச் சில காலம் விட்டுப் பாருங்கள். அவர் கேட்டால் கேட்ட அளவுக்குப் பதில் சொல்லுங்கள். அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் அப்போஸ்தலர் பவுல் பேசியபோது சிலர் கேலி செய்தார்கள், சிலர் பிறகு கேட்கிறோம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். கேலி செய்தவர்களை அவர் பின்தொடர்ந்து போனதாக அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரியும் இல்லை. உங்கள் நண்பர் "இந்தப் பேச்சே வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் அத்தோடு நிறுத்திவிட்டு, மறுநாளும் அவரோடு சாப்பிடப் போங்கள்.