முன்பணம் கட்டிப் பண்ணைக் காய்கறி வாங்குகிறோம். கோடை வந்ததும் சுரைக்காயாகவே வருகிறதே, இது ஏமாற்று வேலையா?

நீங்கள் சென்னையில் ஏதோ ஓர் அடுக்குமாடியில் இருக்கிறீர்கள். மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டியாயிற்று. பங்குனி பிறந்ததிலிருந்து பெட்டியைத் திறந்தால் சுரைக்காய், வெண்டைக்காய், ஒரு கட்டு தண்டுக்கீரை. வீட்டில் உங்களுக்குத்தான் திட்டு. சரியா?

அப்படிப் பெட்டி அனுப்புகிற பண்ணைக்காரர்களில் நானும் ஒருவன். மதுராந்தகம் பக்கம் இரண்டு ஏக்கர், பெட்டி வாங்குகிறது முப்பத்திரண்டு குடும்பம், இது ஆறாவது வருஷம். (பரம்பரை விவசாயி இல்லை. 'ஐடி வேலையை விட்டுவிட்டு வந்த இன்னொருத்தன்' என்று பின்னூட்டம் போடப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஆமாம்.)

ஏமாற்று இல்லை. நீங்கள் கட்டியது காய்க்கு விலை இல்லை, விளைச்சலில் ஒரு பங்கு. விளைந்தாலும் காய்ந்தாலும் அந்தப் பங்குதான். ஜப்பானில் 1970களிலேயே 'தெய்கெய்' என்று இதைத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் முதல் பண்ணைகள் வந்தன. அங்கே பனி போய்க் கோடை தொடங்கினால் கீரையும் முள்ளங்கியும் பட்டாணியுமாகப் பெட்டி நிரம்பும். நமக்கு அப்படியே தலைகீழ். அந்த ஊர்ப் படத்தைப் போட்டு இங்கே ஆள் சேர்க்கிறார்கள் பாருங்கள், அவர்கள்மேல் எனக்கும் கோபம்தான்.

எங்கள் கிணறு மாசிக் கடைசியிலேயே இறங்கிவிடும். நாற்பது நிமிஷம் மோட்டார் ஓடினால் காற்று இழுக்கும். ஊற்று ஏற இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். 'இலவச மின்சாரம்தானே' என்று கேட்காதீர்கள், மின்சாரம் தண்ணீரைச் சுரக்க வைக்காது. வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், தவறினால் முற்றிப்போய் நுனி ஒடியாது. விடிகாலை ஐந்தரைக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குவோம். சுணை பட்டால் கை நாள் முழுக்க அரிக்கும். தக்காளி? வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூவெல்லாம் உதிரும். செடி பச்சையாக நிற்கும், காய் இருக்காது.

அந்தத் தக்காளியில்தான் நானே தப்பு செய்தேன்.

நாலு வருஷம் முன்னால், இதே பங்குனி. மூன்று வாரமாகத் தக்காளி இல்லை, வாட்ஸப் குழுவில் முணுமுணுப்பு. வெட்கம் தாங்காமல் கோயம்பேட்டில் இரண்டு பெட்டி வாங்கி, வீட்டுக்கு ஒரு கிலோ என்று பிரித்து வைத்துவிட்டேன். ஒரே ஒரு தடவைதான். நியாயப்படுத்தவில்லை.

அன்று மாலையே நங்கநல்லூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

“தம்பி, இது உன் தக்காளி இல்லியே?”

“ஏன்மா?”

“உன்னோடது அமுக்கினா அமுங்கும், காம்புக் குழியில மண் இருக்கும். இது எல்லாம் ஒரே அளவா, கீழ போட்டா உருண்டு ஓடுது. இல்லன்னா இல்லன்னு சொல்லேன்ப்பா.”

அன்று இரவே குழுவில் உண்மையை எழுதினேன். இரண்டு குடும்பங்கள் விலகின. மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நாங்கள் கொண்டுவருகிற பெட்டி பத்துக் கிலோ. பல குடியிருப்புகளில் லிஃப்டில் ஏறக் கூடாதாம், 'டெலிவரி ஆட்களுக்குப் படிக்கட்டு'. நாய்க்குட்டி லிஃப்டில் போகிறது. ஏப்ரல் வெயிலில் நாலாவது மாடிக்கு ஏறிப் போனால், கீரை வாடியிருக்கிறது என்று புகார். நானும் வாடித்தானே வந்தேன்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பண்ணைக்காரரிடம், பங்குனி சித்திரையில் என்னென்ன வரும் என்று கேளுங்கள். சுரை, பீர்க்கன், கொத்தவரை, கீரை, முருங்கை என்று இழுத்து இழுத்துச் சொன்னால் நம்பலாம். கேரட், பீன்ஸ் எல்லாம் வருஷம் முழுக்க உண்டு என்கிற சமவெளிப் பண்ணையாக இருந்தால், அது ஊட்டியிலிருந்தோ கோயம்பேட்டிலிருந்தோ வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கிணற்றையும் எட்டிப் பாருங்கள்.

நங்கநல்லூர் அம்மா இன்னும் எங்களிடம்தான் வாங்குகிறார். சுரைக்காயை மட்டும் எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறாராம்.