வைட்டமின் சி சீரம்: விலைக்கு முன் பார்க்க வேண்டியவை

வாசகர் கேள்வி – பதில் பகுதிக்கு இம்முறை குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பல, முகத்தில் பூசும் வைட்டமின் சி சீரத்தைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு நாள்தோறும் ஸ்கூட்டரில் சென்றுவரும் பள்ளி ஆசிரியை நான். வயது 34. நெற்றியும் கன்னமும் கறுத்துவிட்டன. பரு வந்து போன இடங்களில் கறை நிற்கிறது. வைட்டமின் சி சீரம் 300 ரூபாய்க்கும் கிடைக்கிறது, பல ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. முகத்துக்கென்று மாதம் 500 ரூபாய்க்கு மேல் என்னால் செலவிட முடியாது. எதை வாங்குவது?

பதில்: அந்த 500 ரூபாயில் முதல் பங்கைச் சன்ஸ்கிரீனுக்கு ஒதுக்குங்கள், சகோதரி, மீதியில் சீரம் வாங்கலாம். வைட்டமின் சி, தோலில் நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதியின் வேகத்தைத் தணிக்கிறது, கொலாஜன் இழைகள் உறுதிபெறத் துணைநிற்கிறது, வெயிலால் தோலுக்கு ஏற்படும் சேதத்தில் ஒரு பகுதியைத் தடுக்கிறது. ஆனால் போகும் வழியிலும் வரும் வழியிலும் வெயில் நேரே முகத்தில் விழுந்து புதிய நிறமியைத் தூண்டிக்கொண்டே இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த சீரமும் அந்த ஓட்டத்தை முந்த முடியாது. எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேல் உள்ள, நம் கடலோரப் புழுக்கத்தில் வழியாத ஜெல் வகைச் சன்ஸ்கிரீனை, முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூசுங்கள். இரண்டு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் என்பதால் மேகமூட்டமான நாட்கள் இங்கு அதிகம். அந்த நாட்களிலும் இதை விட்டுவிட வேண்டாம், ஏனெனில் புறஊதாக் கதிர்களில் கணிசமான பகுதி மேகத்தைக் கடந்து வருகிறது.

இனி சீரம். கடையில் 'வைட்டமின் சி' என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை உண்மையில் பல வேதிப்பொருட்கள். அவற்றுள் அதிகமாக ஆராயப்பட்டது எல்-அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி-யின் இயல்பான வடிவம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெல்டன் பின்னெல் தலைமையிலான குழு 2001இல் பன்றித் தோலில் நடத்திய ஆய்வு, இந்த அமிலம் தோலுக்குள் இறங்க வேண்டுமானால் திரவத்தின் பிஎச் அளவு (புளிப்புத்தன்மையைக் காட்டும் எண்; அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.5க்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 20 சதவீதத்துக்கு மேல் செறிவைக் கூட்டினால் உட்செல்லும் அளவு கூடுவதில்லை என்றும் காட்டியது. ஆகவே 25, 30 சதவீதம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது எரிச்சலை விலை கொடுத்து வாங்குவதாகவே முடியும். 10 முதல் 15 சதவீதம் போதும்.

அதே குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், 15 சதவீத வைட்டமின் சி-யுடன் 1 சதவீத வைட்டமின் ஈ-யும் தாவரங்களில் காணப்படும் ஃபெருலிக் அமிலம் 0.5 சதவீதமும் சேர்ந்தபோது கலவை நிலைத்து நின்றதோடு, வெயில் பாதிப்பிலிருந்து கிடைத்த பாதுகாப்பும் ஏறத்தாழ இரு மடங்கானது. ஸ்கின்சூட்டிகல்ஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற சீரம் இந்தக் கலவைதான். அமெரிக்காவில் அதன் 30 மில்லி புட்டியின் விலை 180 டாலரை ஒட்டியது. அதன் தரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஃபெருலிக் அமிலமும் வைட்டமின் ஈ-யும் சேர்ந்த இந்தியத் தயாரிப்புகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, ஒரு பள்ளி ஆசிரியை தன் சம்பளத்தில் பெரும்பகுதியை ஒரு புட்டிக்குக் கொடுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை என்பதை உறுதியாகச் சொல்வேன்.

எல்-அஸ்கார்பிக் அமிலத்தின் குறை, அது நிலையாக நிற்காது என்பது. நறுக்கி வைத்த வாழைக்காய் காற்றுப்பட்டுக் கறுப்பதைப் போல, காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டால் இதுவும் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிக் கெட்டுவிடும். இந்தக் காரணத்தால்தான் 3-ஓ-எத்தில் அஸ்கார்பிக் அமிலம், சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட், அஸ்கார்பில் குளுக்கோசைடு போன்ற, வைட்டமின் சி-யிலிருந்து உருவாக்கப்படும் வழிப்பொருட்களைச் சேர்த்துச் சீரம் செய்கிறார்கள். இவை எளிதில் கெடுவதில்லை, எரிச்சலும் குறைவு. ஆனால் எல்-அஸ்கார்பிக் அமிலத்துக்கு உள்ள அளவு ஆய்வுச் சான்று இவற்றுக்கு இல்லை. பரு வரும் முகத்துக்குச் சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் 5 சதவீத அளவில் பயன் தந்ததாக ஆய்வுகள் உண்டு. உங்கள் கடிதத்தில் பருவைக் குறிப்பிட்டிருப்பதால் இதைச் சொல்கிறேன்.

உங்கள் நிலைக்கு நான் பரிந்துரைப்பது இது: வீட்டில் குளிர்பதனப் பெட்டி இருந்து, முகம் எளிதில் எரியாத தன்மையுடையதாக இருந்தால், ஃபெருலிக் அமிலம் சேர்ந்த 10 அல்லது 15 சதவீத எல்-அஸ்கார்பிக் அமிலச் சீரத்தைச் சிறிய புட்டியில் வாங்குங்கள். முகம் எளிதில் சிவக்கும் என்றாலோ, புட்டியை மேசையில் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்றாலோ, 10 சதவீத எத்தில் அஸ்கார்பிக் அமிலம் போதும். இரண்டுமே 300 முதல் 700 ரூபாய்க்குள் கிடைக்கின்றன.

சிறிய புட்டி என்று சொல்வதற்குக் கணக்கு உண்டு. ஒரு வேளைக்கு 5 துளி, அதாவது ஏறத்தாழ கால் மில்லி, முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். அப்படியானால் 30 மில்லி புட்டி 120 நாட்கள் வரும். ஆனால் திறந்த எல்-அஸ்கார்பிக் அமிலச் சீரம் மூன்று மாதம் நல்ல நிலையில் இருந்தாலே பெரிது. கடைசிப் பங்கு பெரும்பாலும் வீணாகிறது. வழிப்பொருள் வகை என்றால் 30 மில்லியைத் தயங்காமல் வாங்கலாம். 600 ரூபாய்ப் புட்டி நான்கு மாதம் வந்தால் மாதச் செலவு 150 ரூபாய்தான், மீதி 350 ரூபாய் சன்ஸ்கிரீனுக்கு நிற்கும். ஒரு மில்லி என்ன விலை என்பதையும் இப்போது உறையில் அச்சிடுகிறார்கள். இரண்டு புட்டிகளை ஒப்பிட அதைப் பாருங்கள்.

உறையின் பின்புறத்தை வாசிக்கப் பழகுவது மிகவும் அவசியம். உட்பொருட்களின் பட்டியல், அதிக அளவில் உள்ளது முதலில் வரும்படி எழுதப்படுகிறது. பீனாக்சிஎத்தனால் என்ற பதனப்பொருளை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதியில்லை. ஆகவே வைட்டமின் சி-யின் பெயர் அதற்குப் பின்னால் வருமானால், அந்தச் சீரத்தில் வைட்டமின் சி 1 சதவீதம்கூட இருக்காது என்று கொள்ளலாம். 'ஆரஞ்சுத் தோல் சாறு', 'நெல்லிச் சாறு' என்று மட்டும் எழுதி வைட்டமின் சி என்று முன்பக்கம் விளம்பரப்படுத்துபவற்றை ஒதுக்கிவிடுங்கள். தொகுதி எண், உற்பத்தி உரிம எண், காலாவதித் தேதி ஆகிய மூன்றும் இல்லாததைத் தொடவே வேண்டாம். புட்டி ஒளிபுகாததாகவோ கரும்பழுப்பு நிறக் கண்ணாடியாகவோ இருக்க வேண்டும். நிறமற்ற கண்ணாடியில் வெயில் படும் கடை அலமாரியில் நிற்பது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

காலையில் முகம் கழுவி, ஈரம் நன்றாக உலர்ந்த பிறகு சீரம், அதன் மேல் சன்ஸ்கிரீன். முதலில் மூன்று நாட்கள் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். சிறிது சுருக்கென்று இருப்பது இயல்பு. சிவந்து தடித்தால் நிறுத்திவிடுங்கள். பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடு பூசுகிறவராக இருந்தால் அதை இரவுக்கு மாற்றுங்கள், ஏனெனில் அது வைட்டமின் சி-யைக் கெடுத்துவிடும். நயாசினமைடுடன் (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) சேரக்கூடாது என்ற பேச்சுக்கு இன்றைய தயாரிப்புகளில் அடிப்படை இல்லை. பலன் தெரிய 12 வாரமாவது ஆகும். இடையில் ஒரு நாள் மறந்தால் வருந்த வேண்டாம். மேற்சொன்ன பன்றித்தோல் ஆய்வில், உள்ளே இறங்கிய வைட்டமின் சி பாதியாகக் குறைய ஏறத்தாழ 4 நாட்கள் ஆயின.

கேள்வி: களியக்காவிளையில் கல்லூரி மாணவி நான். எலுமிச்சைச் சாற்றைத் தேனில் குழைத்துப் பூசினால் அதே பலன் கிடைக்கும் என்றும், வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துப் பன்னீரில் கரைத்தால் சீரம் தயார் என்றும் தோழிகள் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். எலுமிச்சைச் சாற்றின் புளிப்புக்குக் காரணம் பெரும்பாலும் சிட்ரிக் அமிலம். அதில் வைட்டமின் சி 100 மில்லிக்கு 50 மில்லிகிராமை ஒட்டியே, அதாவது 0.05 சதவீதமளவே இருக்கிறது. நல்ல சீரத்தில் அதைப்போல 200 மடங்கு இருக்கிறது. அது மட்டுமல்ல, எலுமிச்சை இனப் பழங்களில் உள்ள ஃபியூரோகூமரின் என்ற பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமும், மாதக்கணக்கில் மறையாத கருமையும் வரக்கூடும். கறையைப் போக்கப் பூசியதே கறையாகிவிடும் என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

சப்பி உண்ணும் மாத்திரையில் சர்க்கரை, நிறமி, மணப்பொருள் எல்லாம் உண்டு. அதன் பிஎச் அளவையும் வீட்டில் நம்மால் சரிசெய்ய முடியாது. நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பிடுங்கள், அது உடலுக்கு நல்லது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி பெண்களுக்கு நாளொன்றுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். அதற்கு மேல் மாத்திரை விழுங்கினாலும் மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். முகத்துக்குத் தனியாகப் போய்ச் சேராது.

கேள்வி: குளச்சலிலிருந்து எழுதுகிறேன். மகள் வாங்கிய சீரம் இரண்டு மாதத்தில் தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. 600 ரூபாய்ப் பொருள். எறிய மனமில்லை.

பதில்: வெளிர் மஞ்சளாக இருந்தால் பயன்படுத்தலாம், தேயிலைத் தண்ணீர் நிறம் வந்துவிட்டால் அதில் பெரும்பகுதி கெட்டுவிட்டது என்று பொருள், ஐயா. சிதைவின்போது உண்டாகும் எரித்ருலோஸ் என்ற பொருள் தோலில் மஞ்சள் படிந்த கறையையும் ஏற்படுத்தலாம், ஆகவே எறிந்துவிடுவதே நல்லது. அடுத்த புட்டியைக் குளியலறையில் வைக்காமல், குளிர்பதனப் பெட்டியின் கதவுத் தட்டில் இறுக மூடி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரு கன்னத்திலும் மங்கு படர்ந்திருக்கிறது. குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறேன். திருவட்டாறு மருந்துக் கடையில் வைட்டமின் சி சீரம் தந்தார்கள். பூசலாமா? மங்கு போய்விடுமா?

பதில்: தாய்ப்பால் கொடுக்கும்போது வைட்டமின் சி சீரம் பூசுவதில் அச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதனால் மட்டும் மங்கு போய்விடும் என்று சொல்லி உங்களை நம்பவைக்க எனக்கு மனம் வரவில்லை. கருவுற்ற காலத்தின் ஹார்மோன் மாற்றம், வெயில், மரபு மூன்றும் சேர்ந்து வருவது மங்கு; சிலருக்குப் பிரசவத்துக்குப் பின் மாதங்கள் செல்லச் செல்லத் தானாகவே மங்கும். சீரம் இதில் சிறிய உதவிதான் செய்யும்.

மங்குக்குப் புறஊதாக் கதிர் மட்டுமன்றிக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் காரணமாகிறது. சாதாரணச் சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயம் கொண்ட சன்ஸ்கிரீன் தடுக்கும். கையில் இருக்கும் பணத்தில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள். அடுத்ததாக, மருந்துக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் அசலாயிக் அமில ஜெல் தாய்மாருக்கும் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்கலாம். ஹைட்ரோகுவினோன் என்ற, நிறமியைக் குறைக்கும் மருந்து கலந்த பூச்சுகளை நீங்களாக வாங்க வேண்டாம்.

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் முந்திரி ஆலையில் வேலை. விரல்களில் ஏறிய கறுப்பு போக இந்தச் சீரம் உதவுமா?

பதில்: உதவாது, அம்மா. முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலையே அரிப்பதால் வரும் கறுப்பு அது. வைட்டமின் சி அங்கு எரிச்சலைத்தான் கூட்டும். அந்தப் பணத்தில் நல்ல கையுறை வாங்குங்கள். கையுறை போட்டு வேலை ஓடாது என்றால், தொடங்கும் முன் விரலிடுக்குவரை ஆமணக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவி, இடையிடையே மறுபடியும் தடவிக்கொள்ளுங்கள். வெடிப்போ கொப்புளமோ இருந்தால் ஆறும்வரை தோடு உடைக்கும் வேலையை மாற்றித் தரக் கேளுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்து விற்ற ஒருவரிடம் 'வைட்டமின் சி கிரீம்' என்று சொல்லி ஒரு டப்பா வாங்கினேன். பத்து நாளில் முகம் நன்றாக வெளுத்தது. நிறுத்தினால் சிவந்து எரிகிறது, மறுபடி பூசினால் அடங்குகிறது. தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம். பத்து நாளில் முகத்தை வெளுக்கச் செய்யும் ஆற்றல் வைட்டமின் சி-க்கு இல்லை. நிறுத்தியதும் சிவந்து எரிவது, அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்பதற்கான அடையாளம். ஸ்டீராய்டு பூச்சுகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018இலேயே அறிவித்தும், இப்படி வேறு பெயரில் வீடு தேடி வருகிறது. பாதரசம் கலந்த பூச்சுகளும் புழக்கத்தில் உண்டு. 2023இல் மலப்புரம் மாவட்டத்தில் முகம் வெளுக்கப் பூசிய கிரீம்களால் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள்.

எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு நீங்களாகப் போராடாமல், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு இந்த வாரமே செல்லுங்கள். எத்தனை நாள் பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ இருந்தால் அதையும் தெரிவியுங்கள். போகும்போது அந்த டப்பாவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.