வங்கியின் பசுமைப் பிரசாரம்: மரக்கன்றை விட்டுவிட்டுக் கடனைப் பாருங்கள்

மரம் நடுகிறோம் என்று உங்கள் வங்கி அனுப்பும் மின்னஞ்சலை மட்டும் வைத்து நம்பவும் வேண்டாம், பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம். மரம் உண்மையாகவே நட்டிருப்பார்கள். கேள்வி, அவர்கள் கொடுக்கும் கடன் யாருக்குப் போகிறது என்பதுதான்.

எச்எஸ்பிசி வங்கி விஷயத்தில் இதுதான் நடந்தது. 2021 அக்டோபரில் 20 லட்சம் மரங்கள் நட உதவுவதாகப் பிரிட்டன் பேருந்து நிறுத்தங்களில் விளம்பரம் வைத்தார்கள். அடுத்த ஆண்டு அங்குள்ள விளம்பரத் தர ஆணையம் அதைத் தடை செய்தது. மரக்கணக்கு தவறென்று அல்ல. கடன் கொடுத்த நிறுவனங்கள் வழியாகக் கரிம உமிழ்வில் வங்கிக்கே இருக்கும் பங்கைச் சொல்லாமல் விட்டதற்காக. பெரும்பாலும் குழப்பம் இங்கேதான் வருகிறது: பிரசாரம் செய்வது ஒரு பிரிவு, கடன் கொடுப்பது வேறு பிரிவு.

நீங்கள் செய்ய வேண்டியது:

1. வங்கியின் ஆண்டறிக்கையில், கடன் வாங்கிய நிறுவனங்களின் உமிழ்வு எவ்வளவு என்று போட்டிருக்கிறார்களா பாருங்கள்.

2. நிலக்கரிக் கொள்கையை வரி வரியாகப் படியுங்கள். 'புதிய சுரங்கத் திட்டங்களுக்கு நிதி இல்லை' என்று இருக்கும். சரி, அதே சுரங்க நிறுவனத்துக்கு, திட்டம் எதையும் குறிப்பிடாமல் அதன் பொதுவான செலவுகளுக்கென்று கடன் உண்டா? ஓட்டை பெரும்பாலும் அங்கேதான்.

3. இலக்கு மொத்த உமிழ்வுக்கா, ஓர் அலகு உற்பத்திக்கான உமிழ்வுக்கா? இரண்டாவது குறைந்தாலும் மொத்தம் கூடலாம்.

ஒன்று மட்டும்: கடனாளிகளின் பெயரைப் பெரும்பாலான வங்கிகள் வெளியிடுவதில்லை. அதனால் முழுக்கச் சரிபார்க்க முடியாது. நெதர்லாந்தின் ட்ரியோடோஸ் வங்கி வெளியிடுகிறது. ஆக, முடியாத காரியம் அல்ல. உங்கள் வங்கியிடமும் எழுத்தில் கேளுங்கள்.