ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்த முகம் மெழுகுப் பொம்மை போல இருப்பது ஏன்?

நீங்கள் உருவாக்கும், தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மாயியின் முகம் மெழுகாக வருகிறது என்றால், முதலில் ஒளி தோலுக்குள் எவ்வளவு பரவும் என்பதைத் தீர்மானிக்கும் சப்சர்ஃபேஸ் ஸ்கேலைப் பாருங்கள். ப்ளெண்டர் 4இல் அது இயல்பாக 0.05 மீற்றர் என்று நிற்கும். இதோடு பெருக்கப்படும் சிவப்பு ஒளியின் ரேடியஸ் 1 என்பதால் அந்த ஒளி தோலுக்குள் 5 சென்ரிமீற்றர் பரவும். மூக்கு நுனி, காது மடல், நெற்றிச் சுருக்கம் எல்லாம் கரைந்துவிடும். 0.005 முதல் 0.01 வரை இறக்குங்கள். தலையின் உயரம் 0.22 மீற்றர் அளவில் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும். கண்ட்ரோல் ஏ அழுத்தி மாடலின் ஸ்கேலை அப்ளை செய்யவும் மறக்காதீர்கள்.

முகம் எண்ணெய் பூசியதுபோல மின்னினால், தோலின் சொரசொரப்பைச் சொல்லும் ரஃப்னஸ் படம் நிறப் படங்களுக்கான எஸ்ஆர்ஜிபியில் கிடக்கிறதா என்று பாருங்கள். அதில் 0.5 என்பது 0.21 ஆகக் குறைந்துவிடும்; ரஃப்னஸ் குறைந்தால் மினுக்கம் கூடும். படத்தின் கலர் ஸ்பேஸை நான்-கலர் ஆக்குங்கள்.

காட்சிக்கு நுவரெலியா மலைப் பகுதியின் மூடுபனி வெளிச்சம் அழகுதான், ஆனால் சுருக்கங்களைத் தட்டையாக்கும். பக்கவாட்டில் ஓர் ஏரியா லைட் (பலகை போன்ற பரப்பிலிருந்து ஒளி தரும் விளக்கு) வையுங்கள்.