முன்னோக்கி நடந்து நடவு நட்ட கதாநாயகி

கேள்வி: நீங்கள் பார்த்ததிலேயே மிக மோசமான திரைப்படம் எது? ஏன் பிடிக்கவில்லை?

இப்படிக் கேட்டால் பெரும்பாலோர் கணினியில் செய்த பொம்மைப் புலியையும், பாதியில் கழன்று தொங்கும் ஒட்டு மீசையையும், அறுபதைத் தாண்டிய கதாநாயகன் கல்லூரிக்குப் போவதையும் சொல்வார்கள். எனக்கு அவற்றின் மேல் கோபமே வருவதில்லை. சிறு வயதில் எங்கள் ஊருக்குப் பக்கத்து டூரிங் கொட்டகையில் பார்த்த படங்களில் பாதி அப்படிப்பட்டவைதான். ஒரே ஒரு புரொஜக்டர் என்பதால் ரீல் மாற்றும் போதெல்லாம் ஓர் இடைவேளை விடுவார்கள். மோசமான படத்துக்கு அது நல்ல ஏற்பாடு. அடிக்கடி எழுந்து போய் முறுக்கு வாங்கலாம். கையில் காசில்லாமல் எடுத்த படம் பல்லைக் காட்டினால் நாமும் பல்லைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான்.

என்னால் பொறுக்க முடியாதது வேறு வகை. பெரிய கதாநாயகன், பெரிய செலவு, எழுத்து போடுவதற்கு முன்பே ‘உலகுக்குச் சோறு போடும் உழவர்களுக்குச் சமர்ப்பணம்’ என்று ஓர் அட்டை. அதன் பிறகு இரண்டரை மணி நேரம், உழவு எப்படி நடக்கிறது என்று ஒரு நாள்கூட வந்து பார்க்காதவர்கள் உழவருக்காக அழுகிறார்கள். நான் பார்த்ததில் மோசமான படம் அதுதான். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் ரசிகர்கள் வந்து என் குலம் கோத்திரம் விசாரிப்பார்கள். தவிர, அதே அச்சில் வார்த்த படங்கள் இன்னும் சில உண்டு. ஒன்றை மட்டும் அடிப்பது நியாயமில்லை.

நான் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்துக்காரன். எங்களுக்குச் சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை நிலம் கொஞ்சம். அம்மாவும் சித்தியும் பல வருடம் அடுத்தவர் வயலில் நடவுக்குப் போனவர்கள். ‘நம் ஊர்க் கதையாம்’ என்று கேள்விப்பட்டு இருவரையும் படத்துக்கு அழைத்துப் போனேன். கதை திருவாரூர் மாவட்டத்தில் நடப்பதாகத் திரையில் எழுத்து வந்தது. அது மறைவதற்குள் வயலுக்குப் பின்னால் ஒரு மலை எழுந்து நின்றது.

இந்தப் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவாரூர் மாவட்டத்தில் மலை கிடையாது, குன்றும் கிடையாது. காவிரி காலங்காலமாகக் கொண்டுவந்து பரப்பிய வண்டல் இது. கோயில் கோபுரம், தென்னை, செல்போன் கோபுரம் தவிர நிமிர்ந்து பார்க்க எதுவும் இல்லை. படத்தில் மண்ணும் செக்கச்செவேல் என்று இருந்தது. ஊர்க்காரர்கள் இடுப்பில் அரிவாளோடு மதுரைப் பக்கத்துப் பேச்சைப் பேசினார்கள். சித்தி என் பக்கம் திரும்பி, “தம்பி, இது எந்தத் திருவாரூர்?” என்று கேட்டார்.

ஏன் இப்படி ஆகிறது என்பது புரியாமல் இல்லை. சினிமாக்காரர்களுக்குக் கிராமம் என்றாலே பொள்ளாச்சி, கோபிச்செட்டிபாளையம். அங்கே பச்சை கிடைக்கும், பின்னணிக்கு மலை கிடைக்கும், படக்குழு தங்குவதற்கும் பழகிய இடம். காவிரி டெல்டா காமிராவுக்குச் சிரமமான நிலம். மேடே இல்லாததால் எங்கே நின்று எடுத்தாலும் கீழே பயிர், மேலே வானம், நடுவில் தென்னை வரிசை. கதாநாயகன் ஏறி நின்று சபதம் செய்ய ஒரு பாறை கிடையாது. இன்னொன்று, கால்ஷீட். குறுகிய கால நெல்லே விதையிலிருந்து அறுவடைக்கு 105 முதல் 110 நாள் கேட்கும். எந்தக் கதாநாயகனும் அத்தனை நாள் காத்திருக்க மாட்டார். அதனால் நாற்று, நடவு, கதிர், அறுவடை நான்கையும் ஒரே வாரத்தில், எங்கே எது கண்ணில் படுகிறதோ அங்கே எடுத்து ஒட்டுகிறார்கள்.

அந்த ஒட்டு எப்படிப் பிரிந்தது என்று கேளுங்கள். மேட்டூர் அணை திறக்கும் காட்சி ஒன்று வருகிறது. தேதி சரியாக, வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12. யாரோ ஒருவர் செய்தித்தாள் படித்திருக்கிறார் என்று மகிழ்ந்தேன். அடுத்த காட்சியில் வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறது, அதற்கடுத்த காட்சியில் கதாநாயகன் முற்றிய கதிரைக் கையில் ஏந்திக் கண் கலங்குகிறார். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளை வாய்க்கால்களில் முறை வைத்து இறங்கி, வாய்க்காலின் கடைசி வயல்களான கடைமடைக்கு வந்து சேருவதற்குள் அங்கே இருப்பவர்கள் சாலை மறியலே செய்துவிடுவார்கள். அந்தக் காத்திருப்பு ஒரு முழுப் படத்துக்கான கதை. திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே போய் எந்த வரப்பில் நின்று கேட்டாலும் சொல்வார்கள். இவர்களுக்கு அது இரண்டு வெட்டுகளுக்கு நடுவில் விழுந்துவிட்டது.

ஆனாலும் அரங்கத்தை உலுக்கியது நடவுக் காட்சிதான். பாட்டு. கதாநாயகி சேற்றில் இறங்குகிறார். கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருப்பது அழகாக இருக்கிறது, சேறு முழங்காலோடு நாகரிகமாக நின்றுவிடுகிறது, எல்லாம் சரி. நாற்று முடியைக் கையில் எடுத்து, சிரித்துக்கொண்டே, காமிராவைப் பார்த்து முன்னோக்கி நடந்தபடி நடுகிறார். நடவு நடுகிறவர்கள் பின்னோக்கிப் போவார்கள். நட்ட நாற்று முகத்துக்கு எதிரே இருக்கும். கால் பின்னால் வெற்றுச் சேற்றில் விழும். முன்னால் நடந்தால் நட்டதையெல்லாம் மிதிக்க வேண்டியதுதான். கதாநாயகி மிதித்தார். சரணத்துக்குச் சரணம் மிதித்தார். பின்னால் இருபது பேர் அதே தாளத்தில் மிதித்தார்கள்.

“நட்ட நாற்றை இவளே மிதித்துக்கொண்டு போகிறாளே!” என்று அம்மா சொன்னது நான்கு வரிசைக்குக் கேட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி திரும்பி, “இவளைக் கூலிக்கு வைத்தால் நாம் கூடுதல் காசு கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும்” என்றார். அதற்கப்புறம் பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை. அடுத்து வந்த தாயின் மரணக் காட்சிக்கும் சிரித்தார்கள். படம் முழுவதிலும் நான் ரசித்தது அந்தப் பத்து நிமிடம்தான். அதற்கு இயக்குநருக்கு நன்றி.

நாற்று மிதிபட்டதோடு போயிருந்தால் ‘மிக மோசமான படம்’ என்ற பட்டத்தை நான் கொடுத்திருக்க மாட்டேன். கதாநாயகன் யார் என்று பார்க்க வேண்டும். பெரிய பண்ணை வீட்டு வாரிசு. வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வருகிறார். வயலில் வேலை செய்பவர்கள் அவரைக் கண்டதும் துண்டை இடுப்புக்கு இறக்குகிறார்கள், ‘சின்ன ஐயா வந்துவிட்டார்’ என்று அழுகிறார்கள், அவர் வீட்டு நெல்லைப் படி படியாக வாங்கிக்கொண்டு வாழ்த்துகிறார்கள். படத்தில் அவர்களுக்கு இருக்கும் வேலை அதுதான். ஒருவருக்கும் பெயர் இல்லை.

என் தாத்தா பண்ணையாளாக, அதாவது நிலக்காரரின் பண்ணையில் கட்டுண்டு உழைப்பவராக, இருந்தவர். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று தனியாகக் கொண்டுவர வேண்டிய அளவுக்கு இந்த மண்ணில் நிலைமை இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். படத்தில் காட்டிய கற்பனைக் கிராமத்திலிருந்து அது பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரம். எல்லாப் படமும் வெண்மணியைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே மண்ணில், அதே வயலில், படியளக்கும் சின்ன ஐயாவின் காலில் எல்லோரையும் விழவைத்துவிட்டு அதற்கு ‘விவசாயியின் கதை’ என்று பெயர் சூட்டுவது கூசாமல் செய்கிற காரியம். அம்மா அந்த இடத்தில் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தத் துண்டு இறக்கும் காட்சி பழக்கமானது.

சாவை அவர்கள் கையாண்ட விதத்தையும் சொல்லியாக வேண்டும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. அந்த மாதங்களில் கருகிய பயிரைப் பார்த்து நெஞ்சடைத்துப் போனவர்களும் உயிரை விட்டவர்களும் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள். படத்தில் ஒரு குடியானவர் சாகிறார். எவ்வளவு கடன், யாரிடம் வாங்கியது, பயிர்க் காப்பீட்டுத் தொகை வந்ததா, வீட்டில் அடுத்த நாள் என்ன ஆயிற்று என்று எதுவும் கிடையாது. பிடில் இசை, மெதுவாக விழும் உடல், அதன் மேல் கதாநாயகனின் நிழல். உடனே அவர் சட்டையை மடித்துவிட, அறிமுகப் பாட்டு. இறந்தவர் அந்தப் பாட்டுக்கு முன்னோட்டமாக வந்து போனார்.

உச்சக்கட்டம் நீதிமன்றத்தில். கதாநாயகன் சோற்றைப் பற்றி மூச்சு விடாமல் பேசுகிறார், நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறார், தண்ணீர் வந்துவிடுகிறது. காவிரி வழக்கு அப்படித்தான் தீருமென்றால் எங்கள் ஊரில் பேசத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1990இல் நடுவர் மன்றம் அமைத்து, 2007இல் இறுதித் தீர்ப்பு வந்தது. மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுக்கு 192 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) தர வேண்டும் என்றார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. இந்த எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் ஆட்கள் டீக்கடைக்கு இரண்டு பேர் உண்டு. படத்தில் ஓர் எண்கூட வரவில்லை. வந்திருந்தால் அவர்கள் கைதட்டியிருப்பார்கள்.

இதில் எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல், நிஜமான உச்சக்கட்டம் எங்கே நடக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாததுதான். அது அரசு நெல் வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நடக்கிறது. குறுகிய கால நெல்லான குறுவையின் அறுவடை முடியும் நேரமும் ஐப்பசி மழையும் ஒன்றாக வரும். நெல்லைக் கொட்டிவிட்டு முறைக்காகக் காத்திருக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மெஷினில் ஒரு கை நெல்லைப் போட்டுவிட்டு, எண் வரும் வரை அந்தச் சில நொடிகள் மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டும். கூடுதலாகக் காட்டினால் திரும்பக் களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டும்; மேலே மேகம் திரண்டிருக்கும். இரவில் தார்ப்பாய்க்கு அடியில் நெல்லோடு நெல்லாகப் படுத்துக் காவல் இருப்பார்கள். மழை விடாவிட்டால் குவியலிலேயே முளை கட்டிவிடும். அந்த 17ஐத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு கடிதம் எழுதும், தில்லியிலிருந்து குழு வந்து நெல்லை அள்ளிப் பார்க்கும். வில்லன், கதாநாயகன், கடிகாரம், மழை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. பாறை தேவையில்லை.

‘சினிமாவில் லாஜிக் பார்க்கலாமா?’ என்று கேட்பவர்களுக்கு: பார்க்கக் கூடாத படத்தில் நானும் பார்ப்பதில்லை. ஒருவர் நூறு பேரைப் பறக்கவிடுகிறார் என்றால் வாயைப் பிளந்து பார்ப்பேன். அந்தப் படம் என் வீட்டுக் கதையைச் சொல்வதாக என்னிடம் சத்தியம் செய்யவில்லை. இது சத்தியம் செய்தது. படம் முடிந்து வெளியே வரும்போது நகரத்திலிருந்து வந்திருந்த இளைஞர்கள் சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நடவு என்றால் இன்னும் பாட்டுப் பாடிக்கொண்டு கையால் நடுவதுதான் என்று அவர்கள் நம்பிப் போயிருப்பார்கள். இங்கே நடவு மெஷின் வந்துவிட்டது. மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கயிறு பிடித்து நட்டுக்கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஈரமான வயலில் பெல்ட் அறுவடை வண்டியும் காய்ந்த வயலில் டயர் வண்டியும் மணிக் கணக்கில் வாடகைக்கு அறுக்கின்றன. அந்த வங்கத்து இளைஞரை வைத்து ஒரு படம் எடுத்தால் முதல் டிக்கெட் நான் வாங்குவேன்.

சினிமா எங்கள் பக்கத்துக்கு அந்நியமும் அல்ல. ஜெமினி வாசன் திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர், கே.பாலசந்தர் நன்னிலத்துக்குப் பக்கத்து நல்லமாங்குடிக்காரர், பாகவதர் மயிலாடுதுறை. ஆட்களை அனுப்பிவைத்தோம், காமிராதான் அதிகம் திரும்பி வரவில்லை.

படம் ஓடியது, நன்றாகவே ஓடியது. இப்போது ஒரு தொலைக்காட்சியில் பொங்கல் தோறும் ‘உழவர் திருநாள் சிறப்புத் திரைப்படம்’ என்று அதைப் போடுகிறார்கள். தை பிறக்கும் நேரம் எங்கள் பக்கத்தில் சம்பா அறுவடை நேரம். அறுப்பதற்குச் சில நாள் முன்பே வயலில் ஈரம் இருக்கும்போது உளுந்து தெளித்தாக வேண்டும், வண்டிக்கு முறை சொல்லி வைத்தவர்கள் வரப்பை விட்டு நகர மாட்டார்கள். அந்தப் படத்தை அன்று மதியம் எந்த உழவர் உட்கார்ந்து பார்க்கிறார் என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.