மணிமேகலை எங்கே போனாள்?

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ இரண்டு பாகமும் பார்த்தேன். மணிமேகலையைக் காணவே காணோம். கல்கியைப் படித்தவர்களுக்கு இது துரோகம் இல்லையா?
- வாசகி, காட்டுமன்னார்கோயில்

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. நாவலின் கடைசியில் வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிற பெண்ணை அவ்வளவு சீக்கிரம் மறக்க முடியாது. தியேட்டரை விட்டு வெளியே வரும்போது எனக்கும் அந்த வருத்தம் இருந்தது. ஆனால் துரோகம் என்று சொல்ல மாட்டேன். 1950ல் தொடங்கி 1954 வரை வாரா வாரம் வந்த கதை அது, ஐந்து பாகம். படம் இரண்டும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம்தான். யாராவது ஒருவர் வாசலுக்கு வெளியே நின்றுதான் ஆக வேண்டும், மணிமேகலை நின்றுவிட்டாள்.

என்னை இன்னும் உறுத்துவது சேந்தன் அமுதன். நாவலில் கோயிலுக்குப் பூக்கொண்டு போகும் அந்தச் சாதுப் பையன்தான் உண்மையான உத்தம சோழன் என்று கடைசியில் தெரியவரும், அருள்மொழி, அதாவது பின்னாளைய ராஜராஜன், தனக்கு வந்த கிரீடத்தை எடுத்து அவன் தலையில் வைப்பார். படத்தில் அந்தக் குழந்தை மாறிய கதையே கிடையாது, கிரீடம் மதுராந்தகனுக்குப் போகிறது, அங்கே உத்தம சோழன் அவன்தான். வரலாற்றுக்கு இதனால் ஒன்றும் பழுதில்லை, உத்தம சோழன் ஆண்டு முடித்த பிறகுதான் 985ல் ராஜராஜன் பட்டத்துக்கு வந்தார். ஆனால் அரசு வேண்டும் என்று அடம்பிடித்தவனுக்குக் கொடுப்பது ஒன்று, வேண்டவே வேண்டாம் என்று ஒதுங்கி நின்றவனைத் தேடிப்போய்க் கொடுப்பது வேறு. கல்கி பல நூறு பக்கம் நம்மை நடத்திக் கூட்டிப்போனது அந்த இரண்டாவதற்காகத்தான்.

அப்புறம் ஒன்று. கதை தொடங்குவதே உங்கள் ஊர் ஏரியில். ஆடிப்பதினெட்டு, வீராணத்தின் எழுபத்து நாலு கணவாயிலும் தண்ணீர் குபுகுபு என்று பாய்கிறது, கரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சித்திரான்னம் சாப்பிடுகிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டு குதிரையில் ஒருவன் வருகிறான். படத்தில் அவன் சோழ நாட்டுக்குள் வருவதை ஒரு பாட்டு முடித்துவிடுகிறது. நல்ல பாட்டுதான். ஆனால் சேத்தியாத்தோப்பிலிருந்து உங்கள் ஊர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கரை கூடவே வந்துகொண்டிருக்க, இன்னும் முடியவில்லையா இந்த ஏரி என்று பார்த்துக்கொண்டே வந்தவர்களுக்கு, கல்கி ஏன் அங்கே அவ்வளவு நேரம் நின்றார் என்பது சொல்லாமலே தெரியும். உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் உங்களுக்குப் பக்கத்தில்தான், அங்குள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டில் அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்கள் இருக்கின்றன. கல்கியின் ரவிதாசன் அந்தக் கல்லிலிருந்து வந்தவன். ஒருநாள் போய் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: எங்கள் பாவேந்தர் பாரதிதாசனின் காவியம் எதையாவது படமாக எடுத்திருக்கிறார்களா?
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: எடுத்திருக்கிறார்கள். ‘எதிர்பாராத முத்தம்’தான் 1950ல் ‘பொன்முடி’ என்ற படமாக வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு, இயக்கியவர் தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன். காவியத்தை வாய்விட்டுப் படித்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். அந்தச் சந்தம் காதில் ஓடிக்கொண்டிருக்கும்போது வசனமாகக் கேட்பது கொஞ்சம் கஷ்டம்தான். பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைப் படித்தேன். ‘உதிரிப்பூக்கள்’ படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிறகு எதற்கு அவர் பெயர்?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: இந்தக் கேள்வி உங்கள் ஊரிலிருந்து வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். புதுமைப்பித்தன் 1906ல் பிறந்தது உங்கள் திருப்பாதிரிப்புலியூரில்தான், அவரைத் திருநெல்வேலிக்காரர் என்று மட்டுமே நினைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

சம்பந்தம் இருக்கிறது. கதையில் தாயில்லாத இரண்டு குழந்தைகள், அவர்கள் அப்பா சுந்தரவடிவேலு, அவருக்கு இரண்டாம் தாரமாக வந்த சின்ன வயசுப் பெண் மரகதம். அங்கே கெட்டவர் என்று யாரையும் கை காட்ட முடியாது, ஒரு வீட்டுக்குள் நாலு பேருக்கும் இடம் போதாமல் போகிறது, அவ்வளவுதான். 1979ல் மகேந்திரன் அப்பாவின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு ஆளைத் தலைகீழாக மாற்றிவிட்டார். படத்துச் சுந்தரவடிவேலு ஊரையும் பள்ளிக்கூடத்தையும் கையில் வைத்திருக்கிற கொடியவன். முதல் மனைவி உயிரோடிருந்து, கஷ்டப்பட்டு, நம் கண் முன்னால் சாகிறாள். காட்சிக்குக் காட்சி ஒப்பிட்டால் நீங்கள் சொல்வது சரிதான், பத்தில் ஒன்றுகூடத் தேறாது.

ஆனால் படத்தின் கடைசியை நினைத்துப் பாருங்கள். ஊரே ஆற்றங்கரையில் திரண்டு நிற்கிறது, அவனைத் தண்ணீருக்குள் இறங்கச் சொல்லி. அவனும் இறங்குகிறான். இரண்டு மணி நேரமாக வெறுத்த ஆள் ஒழிந்தான் என்று நமக்கு நிம்மதி வர வேண்டும், வரவில்லை. கரையில் அந்த இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். பெரியவர்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு நடுவில் ஒன்றும் புரியாமல் நிற்கும் பிள்ளைகள், ‘சிற்றன்னை’ படிக்கும்போது நம்மைப் பிசைவதும் அதுதானே? மகேந்திரன் கதையிலிருந்து எடுத்தது அந்த ஒன்றை மட்டும்தான், எடுத்ததற்கு மரியாதையாகப் பெயரையும் போட்டார். வரிக்கு வரி எடுத்து, உயிரை மட்டும் விட்டுவிட்ட எத்தனையோ படங்களைவிட இது புதுமைப்பித்தனுக்கு நெருக்கமானது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: ‘அசுரன்’ பார்த்துவிட்டேன். இனி ‘வெக்கை’ படிக்க வேண்டுமா?
- கல்லூரி மாணவர், காலாப்பட்டு

பதில்: கட்டாயம் படி தம்பி. 1982ல் பூமணி எழுதியது. படத்தில் அப்பாதான் நாயகன், நாவல் மகன் சிதம்பரத்தின் கண் வழியாக ஓடுகிறது. சண்டையைத் தேடாதே. அப்பாவும் பையனும் காட்டில் ஒளிந்து சோறு பொங்குவதையும், வெயிலில் படுத்துக்கொண்டு பழைய கதை பேசுவதையும் பொறுமையாகப் படி. படத்தில் கிடைக்காதது அதுதான்.

கேள்வி: எழுத்தாளரே திரைக்கதையும் எழுதினால் மூலத்துக்கு நேர்மையாக இருக்கும் அல்லவா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனை வைத்தே பதில் சொல்கிறேன். தன் ‘உன்னைப்போல் ஒருவன்’ கதையைத் தானே இயக்கித் தேசிய விருது வாங்கியவர். 1977ல் பீம்சிங் இயக்கிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ படத்துக்கும் திரைக்கதை, வசனம் அவர்தான். நாவலுக்கு மிக அருகில் நிற்கிற படம், கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

ஆனால் அந்த நாவல் எங்கிருந்து வந்தது? 1966ல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையிலிருந்து. மழையில் ஒரு பெரிய காரில் ஏறி, கெட்டுப்போய் வீட்டுக்கு வருகிறாள் ஒரு கல்லூரிப் பெண். அம்மா அவளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள், வாயில் மென்றுகொண்டிருக்கும் சூயிங்கத்தைத் துப்பச் சொல்கிறாள், நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்கிறாள். படித்தவர்கள் கொதித்துப் போனார்கள். ஜெயகாந்தன் அதே மழை, அதே கார், அதே பெண்ணை வைத்துக்கொண்டு அம்மாவை மட்டும் மாற்றினார். இந்த அம்மா கத்தி ஊரைக் கூட்டிவிடுகிறாள், அண்ணன் தங்கையை வீட்டை விட்டுத் துரத்துகிறான். அந்த ஒரு கூச்சலிலிருந்து ஒரு முழு நாவல் கிளம்பியது. அதற்குள்ளேயே ஆர்.கே.வி. என்று ஓர் எழுத்தாளர் வந்து அந்தச் சிறுகதையை எழுதுகிறார், கங்கா அதைப் பத்திரிகையில் படிக்கிறாள். படத்தில் அந்த எழுத்தாளராக நாகேஷ்.

எழுதியவரே தன் கதையை இப்படிப் பிரித்துக் கட்டியிருக்கும்போது, டைரக்டர் மாற்றினார் என்பதை மட்டும் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மாற்றி என்ன கொண்டுவந்தார் என்று கேட்பேன். நீங்கள் முதலில் சிறுகதையைப் படியுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. அப்புறம் நாவல், அப்புறம் படம். இரண்டு அம்மாக்களில் யார் உங்கள் மனதில் நின்றார் என்று எனக்கு எழுதுங்கள்.