இமேக்ஸுக்குள் மெயில், செய்தி, அரட்டை: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அண்ணா, நிரல் எழுதத்தான் இமேக்ஸ் என்ற உரைத் திருத்தியை வைத்திருக்கிறேன். மெயிலையும் ஏன் அதற்குள் இழுக்க வேண்டும்?

கட்டாயமே இல்லை தம்பி. மெயிலுக்குப் பதில் போடுவதும் எழுத்து வேலைதானே என்று மாறினேன். தேடுவதும் வெட்டி ஒட்டுவதும் விரலுக்குப் பழகிய அதே விசைகள். பிரவுசரில் நீளமாக ஒரு மடல் அடித்து, கைதவறி டேபை மூடிவிட்டு விழித்த அனுபவம் எனக்கு இரண்டு முறை. இமேக்ஸ் வரைவைத் தானாகவே சேமித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: இமேக்ஸோடு வரும் செய்தி, மெயில் வாசிப்பானான க்னூஸில் மெயிலை இணைத்தேன். ஒரு மடலைப் படித்துவிட்டு வெளியே வந்தேன், திரும்பப் போனால் காணோம்! அழிந்துவிட்டதா?

அழியவில்லை. முதல் வாரத்தில் பலரும் பதறும் இடம் இது. க்னூஸ், யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத வலையின் செய்திக்குழுக்களைப் படிக்கப் பிறந்தது. அங்கே பதிவுகள் வந்து குவியும். படித்ததையே மறுபடி காட்டினால் இடைஞ்சல். மெயில் வசதி வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. குழுவின் பெயர்மேல் கர்சரை வைத்து, கண்ட்ரோல் யூ தட்டி எண்டர் அடியுங்கள், பழையதும் வரும். குழுவே கண்ணில் படவில்லையென்றால் பெரிய எல். ஒரு மடல் எப்போதும் தெரிய வேண்டுமானால் அதன்மேல் ஆச்சரியக்குறியைத் தட்டிவிடுங்கள்.

இந்தக் குணம் ஒத்துவராதவர்களுக்கு, இமேக்ஸுக்குள் ஓடும் எம்யூ4இ என்ற இன்னொரு மெயில் நிரல் இருக்கிறது. ஆனால் அது தானாக மடலை இறக்காது. எம்பிசிங்க் போன்ற ஒரு கருவி மடல்களை உங்கள் வட்டில் இறக்கும். எம்யூ4இக்கு அடியில் வேலை செய்யும் எம்யூ என்ற நிரல் அவற்றுக்கு அட்டவணை போடும். நீங்கள் அதில் தேடுவீர்கள். இணையம் இல்லாமலும் தேடலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. டி அழுத்தினால் மடல் உடனே குப்பைக்குப் போகாது, அடையாளம் மட்டும் விழும். எக்ஸ் அழுத்தினால்தான் காரியம் நடக்கும்.

கேள்வி: ஜிமெயிலில் அனுப்பிய மடல் ஒவ்வொன்றும் இரண்டு பிரதியாக இருக்கிறதே, சார்?

ஜிமெயில் தானே ஒரு பிரதி வைத்துக்கொள்கிறது, எம்யூ4இயும் ஒன்று வைக்கிறது. எம்யூ4இ அமைப்பில் அனுப்பிய மடலை என்ன செய்வது என்ற இடத்தில் 'அழி' என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இணையம் பார்க்க முடியுமா? வங்கி, ரயில் டிக்கெட்?

டிக்கெட்டை மறந்துவிடுங்கள். 2014இல் இமேக்ஸ் 24.4ஆம் பதிப்போடு வந்த ஈடபிள்யூடபிள்யூ என்ற உள் பிரவுசர், அந்தத் தளங்களுக்கு வேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்காது. கட்டுரை படிக்க மட்டும் அருமை: பெரிய ஆர் தட்டினால் மெனு, ஓரப்பட்டை எல்லாம் உதிர்ந்து பெரும்பாலும் எழுத்து மட்டும் நிற்கும். பக்கம் அலங்கோலமாக வந்தால் & அழுத்துங்கள், வழக்கமான பிரவுசரில் திறக்கும். எல்ஃபீட் என்ற இமேக்ஸ் வாசிப்பானில் ஆர்எஸ்எஸ் ஓடைகளை, அதாவது தளங்களின் புதிய பதிவுப் பட்டியல்களைச் சேர்த்துக்கொண்டு, தலைப்பு பிடித்திருந்தால் ஈடபிள்யூடபிள்யூவில் திறப்பது என் காலை வழக்கம்.

கேள்வி: அரட்டை?

இஆர்சி என்ற அரட்டை நிரல் இமேக்ஸ் கூடவே வருகிறது. ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டை முறை மட்டும்தான், வாட்ஸப்பை எதிர்பார்க்காதீர்கள். 2021 மே மாதத்தில் ஃப்ரீநோட் என்ற ஐஆர்சி வலையிலிருந்து கூட்டம் லிபெரா சாட் என்ற புது வலைக்குப் பெயர்ந்தது. பழைய வழிகாட்டிகளில் பழைய முகவரியே இருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள். ஆல்ட் எக்ஸ் அடித்து இஆர்சி-டிஎல்எஸ் என்ற கட்டளையைக் கொடுங்கள், போர்ட் 6697.

கேள்வி: தமிழ் மடலில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் கிடக்கிறது.

எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். 2020இல் வந்த 27இலிருந்து, எழுத்தையும் கொம்பையும் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் உண்டு, அதோடு நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றும் இருந்தால் சரியாகிவிடும். தட்டச்சுக்குத் தனி மென்பொருள்கூட வேண்டாம். உள்ளீட்டு முறையாக, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தால் தமிழாக்கும் தமிழ் ஐடிரான்ஸைத் தேர்ந்துவிட்டு, கண்ட்ரோலோடு பின்சாய்கோட்டைத் தட்டித் தட்டித் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொள்ளலாம்.